திடல் பக்கம் போகாதவரும் கட்டும் வரி

1852 ஆகஸ்ட் மாதம், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வினிபசாக்கி ஏரியில் ஹார்வர்டு மாணவர்களும் யேல் மாணவர்களும் படகுப் போட்டி நடத்தினார்கள். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிக்கொண்ட முதல் விளையாட்டு அதுதான். போட்டி நடத்தலாம் என்ற யோசனை எந்தப் பேராசிரியருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பக்கம் தண்டவாளம் போட்டிருந்த ரயில் கம்பெனியின் அதிகாரிக்குத் தோன்றியது. மாணவர்களின் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாச் செலவும் கம்பெனியுடையது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் ரயிலில்தானே வந்தாக வேண்டும்! ஹார்வர்டு ஜெயித்தது. கம்பெனியும் தோற்கவில்லை.

ஆக, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பணம் நடுவழியில் வந்து ஏறவில்லை, கூடவே பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ஒரு காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது, இப்போதுதான் கெட்டுப்போயிற்று என்ற அங்கலாய்ப்பு அங்கே பலமாகக் கேட்கிறது. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரால் நடந்த வழக்கு அது. உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய 175 கோடி ரூபாய். 2016 முதல் ஆடிவிட்டுப் போனவர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கியைப் பத்தாண்டுகளில் தீர்க்க வேண்டும்.

விளையாடும் பிள்ளைகளுக்குச் சம்பளமா, அப்புறம் படிப்பு என்னாவது என்று பலர் கண்ணைக் கசக்குகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. உழைத்தவனுக்குக் கூலி போய்ச் சேர இத்தனை காலம் ஆயிற்றே என்பதுதான் வருத்தம். நான் கேட்பது வேறு. இந்த ஆடம்பரத்துக்கெல்லாம் கடைசியில் பணம் கட்டுகிறவர் யார்? கட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரியுமா?

கூலி கேட்டால் மாணவர்

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் கால்பந்துத் திடல்களில் சுமார் 18 பேர் இறந்தார்கள். (கால்பந்து என்று இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எதிராளியை இடித்துச் சாய்க்கும் அமெரிக்க ஆட்டம். நம்முடைய கால்பந்துக்கு அவர்கள் ஊரில் பெயர் சாக்கர்.) அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு உருவான அமைப்புதான் பிறகு என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆயிற்று. இன்று சுமார் 1,100 கல்லூரிகளும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களும் அதன் குடையின் கீழ் இருக்கிறார்கள்.

1955இல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்காக ஆடிய வீரர் தலையில் அடிபட்டு இறந்தார். முன்னாள் ராணுவ வீரர், பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று காரணம் சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. ஆடுகிறவர் மாணவரே தவிர ஊழியர் அல்லர் என்ற அந்தக் கவசத்தைத்தான் என்சிஏஏ அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாட்டிக்கொண்டு திரிந்தது. அந்தக் கவசத்தைச் செய்வதில் பெரும் பங்கு வகித்த வால்டர் பயர்ஸ், 1951 முதல் 1987 வரை சங்கத்தின் நிர்வாகத் தலைவர். ஓய்வு பெற்ற பின் 1995இல் எழுதிய நூலில் தாம் கட்டிய ஏற்பாட்டையே போட்டுத் தாக்கினார். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகு வரும் ஞானத்துக்கு நம் ஊரிலும் பஞ்சமில்லை.

தொழில் நடத்தவில்லை என்ற வாதம் நிலைத்தது, தொழில் வளர்ந்தது. எந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று சங்கமே தீர்மானித்துக்கொண்டிருந்ததை 1984இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. அதன் பிறகு பெரிய பல்கலைக்கழகங்கள் குழுமம் குழுமமாகச் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்றன. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியை 14 ஆண்டுகளுக்குக் காட்ட 2010இல் போட்ட ஒப்பந்தம் 1,080 கோடி டாலர். பிக் டென் என்ற குழுமம் 2022இல் ஏழாண்டு உரிமையை 700 கோடி டாலருக்கு மேல் விற்றது. பெயரில் பத்து இருந்தாலும் அதில் இன்று பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்கிலியும் 2024இல் அட்லாண்டிக் கரைக் குழுமத்தில் போய்ச் சேர்ந்தன. கால்பந்துக்காகப் போட்ட கணக்கு இது. வாலிபால் ஆடும் பெண்ணும் அதற்காகக் கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்து ஆடிவிட்டு, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். புவியியல் துறை என்று ஒன்று அந்தப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது.

வந்த பணம் எங்கே போயிற்று? வீரனுக்குக் கொடுக்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. லாபப் பங்கு வாங்கப் பங்குதாரர் கிடையாது. இவை லாப நோக்கில்லாத நிறுவனங்கள். மிச்சம் வைத்தால் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் என்ற பயம் வேறு. ஆகவே வருவதை வந்த வேகத்தில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். கல்லூரி நிர்வாகங்கள் திரட்ட முடிந்த அளவு பணத்தைத் திரட்டும், திரட்டியதெல்லாம் செலவழியும் என்று ஹோவர்டு போவன் என்ற பொருளியலாளர் 1980இலேயே எழுதினார். விளையாட்டுத் துறை அதற்கு நடமாடும் சாட்சி. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் கால்பந்து அணிக்கு மட்டுமென்று 5.5 கோடி டாலரில் ஒரு கட்டடம் கட்டியது. மாடியிலிருந்து சறுக்கிக்கொண்டே கீழே வரச் சறுக்குமரம், குட்டி கோல்ஃப் திடல், பௌலிங் தடம், பகலில் தூங்குவதற்கென்று தனி அறைகள். பதினேழு வயதுப் பையனுக்குச் சம்பளம் தர முடியாது, சறுக்குமரம் தரலாம்.

மீதி பயிற்சியாளருக்குப் போயிற்று. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கும் இல்லை, அறுவை மருத்துவருக்கும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தம் முடியாமலே நீக்கியதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர், அதாவது 630 கோடி ரூபாய். சம்பளம் கொடுத்தால் விளையாட்டின் புனிதம் கெடும் என்றவர்கள், வேலையே செய்யாமலிருக்க இவ்வளவு கொடுப்பதில் கெடுதல் எதையும் காணவில்லை.

இந்த விதத்தில் பார்த்தால், எவ்வளவு வருமானம் வந்தாலும் பற்றாக்குறைதான். ஓஹாயோ ஸ்டேட் 2024 நிதியாண்டில் விளையாட்டில் சுமார் 25.5 கோடி டாலர் ஈட்டியது. செலவழித்தது 29 கோடிக்கு மேல். என்சிஏஏவின் சொந்தக் கணக்குப்படி, 2019இல் மேல்தட்டுக் கால்பந்து ஆடும் சுமார் 130 பல்கலைக்கழகங்களில் செலவைவிட அதிகம் ஈட்டியவை 25.

துண்டு விழும் இடம்

அப்படியென்றால் மற்ற நூறு பல்கலைக்கழகங்களும், அதற்குக் கீழே இருக்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளும் துண்டு விழுவதை எப்படிச் சரிக்கட்டுகின்றன? பல இடங்களில் மாணவர் கட்டணத்தில்தான். விர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரும் விளையாட்டுத் துறைக்காக ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டுகிறார். அவர் வேதியியல் படிக்கலாம், இரவு நேர வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், நான்கு ஆண்டில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் போகலாம். கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான். அதில் ஒரு பகுதி கல்விக் கடனாக ஏறி, பட்டம் வாங்கிய பின்னும் வட்டியோடு அவரைத் துரத்தும். விர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டமே போட்டு இந்த மானியத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது.

நம் கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். தேர் இழுக்க வராதவரும் கட்டத்தான் வேண்டும். ஆனால், வீட்டுக்கு எவ்வளவு என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். வசூலானது, பந்தலுக்குப் போனது, மேளத்துக்குப் போனது எல்லாவற்றையும் கடைசி நாளில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கணக்கு இடித்தால் அங்கேயே சண்டை. அமெரிக்க வளாகங்களில் பல இடங்களில் இந்த வரி, பேருந்து, நூலகம், மாணவர் மன்றம் ஆகியவற்றோடு ஒரே வரியில் ‘கட்டாயக் கட்டணம்’ என்று கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். என் புகார் பெரும்பாலும் இந்த ஒலிபெருக்கி இல்லாததைப் பற்றித்தான்.

பெர்க்கிலியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோபல் பரிசு வாங்கிய பேராசிரியர்களுக்கு வளாகத்தில் தனி வாகன நிறுத்தம் ஒதுக்கி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. 1923இல் அங்கே கட்டிய கால்பந்து அரங்கம் ஹேவர்டு நிலப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பிளவு, திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. இரு பக்கமும் ஆண்டுதோறும் மெல்ல மெல்ல விலகுவதால் சுவர் விரிசல் விட்டது. நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்றார்கள். இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டலாம். அல்லது ஆடாமல் இருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பிளவு ஓடும் இடத்தில் அரங்கின் பகுதிகளைத் தனித்தனிப் பாளமாக வெட்டி, பூமி நகர்ந்தால் அவையும் சேர்ந்து நகரும்படி அமைத்தார்கள். பொறியியலில் அது அற்புதம், மறுக்கவில்லை. செலவு 32 கோடி டாலர். பக்கத்திலேயே பயிற்சி மையத்துக்கு 15 கோடி.

இதற்குத் திட்டம் என்ன? நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு நல்ல இருக்கைகளை மொத்தமாகப் பழைய மாணவர்களுக்கு விற்றுவிடுவது. அந்தப் பணத்தில் கடன் அடைப்பது. 2008இல் பொருளாதாரம் சரிந்தது. அணியும் தோற்க ஆரம்பித்தது. இருக்கை வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் வரவில்லை. 2012இல் அரங்கம் திறந்தபோது கடன் பத்திரங்களில் சில அடுத்த நூற்றாண்டு வரை நீண்டிருந்தன. முடிவில் கடனில் கணிசமான பங்கைப் பல்கலைக்கழகம் தன் தலையில் போட்டுக்கொண்டது. இதற்கு நடுவே 2010இல், பணமில்லை என்று சொல்லி பேஸ்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் உள்ளிட்ட ஐந்து அணிகளில் கை வைத்தார்கள். நன்கொடையாளர்கள் ஓடிவந்து காப்பாற்றினார்கள். கலைக்கப்படவிருந்த பேஸ்பால் அணி 2011இல் தேசிய இறுதிச் சுற்றுத் தொடருக்கே போய்விட்டது! நிலப் பிளவின் மேல் நிற்கும் அரங்கத்துக்கு நூறாண்டுக் கடன், பையன்களின் மட்டைக்குக் காசில்லை.

கெடுதலை மட்டும் சொன்னால்

இது பாதிக் கதைதான். 1972 ஜூன் 23 அன்று அமெரிக்கா ஒரு கல்விச் சட்டத்தை இயற்றியது. அரசு நிதி வாங்கும் கல்வி நிறுவனம் எதிலும் ஆண், பெண் என்ற பாகுபாடு கூடாது என்பது அதன் ஒன்பதாம் பிரிவு. விளையாட்டு என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. ஆனால், விளையாட்டைத்தான் அது தலைகீழாக மாற்றியது. அன்று என்சிஏஏ கல்லூரிகளில் ஆடிய பெண்கள் சுமார் 30,000 பேர். இன்று 2 லட்சத்துக்கு மேல். உதவித்தொகை கிடைத்ததால் படித்தவர்கள், ஆடியதால் தைரியம் வந்தவர்கள் இந்த எண்ணிக்கைக்குள் எத்தனை பேரோ. சில கல்லூரிகள் இதிலும் தில்லுமுல்லு செய்தன. கால்பந்து அணியில் 85 பையன்களுக்கு உதவித்தொகை இருந்தது. அதற்கு ஈடாகத் தலையெண்ணிக்கை காட்டப் பெண்கள் துடுப்புப் படகு அணியில் கண்டபடி ஆட்களைச் சேர்த்தார்கள். இருந்தும், உலகில் வேறு எந்தச் சட்டமும் பெண்கள் விளையாட்டுக்கு இவ்வளவு செய்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விளையாட்டு அமைச்சகம் கிடையாது. அந்த வேலையைக் கல்லூரிகள் செய்கின்றன. உலகத்துக்கும் சேர்த்தே செய்கின்றன. 2024 பாரிஸில் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் வென்ற ஜூலியன் ஆல்ஃபிரட், செயின்ட் லூசியா என்ற குட்டித் தீவின் மகள். ஓட்டம் மெருகேறியது டெக்சாஸ் பல்கலைக்கழகத் தடத்தில். அதே பாரிஸில் நீச்சல் குளத்தைக் கலக்கிய பிரான்ஸின் லியோன் மர்ஷான், அரிசோனா ஸ்டேட்டில் பயின்றவர். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் அங்கே 39 பதக்கம் வென்றார்கள். பல நாடுகளால் முடியாத கணக்கு அது.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவர் சாய்த்தது, பின்னாளில் உலகின் முதல் பத்துக்குள் வந்த ஜான் இஸ்னரை. படிப்பை முடித்துக்கொண்டு வந்த சூட்டில் 2009 சென்னை ஓபனில் சிறப்பு அனுமதியில் நுழைந்து இறுதிவரை போனார். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட்டில் படித்தபடி உயரம் தாண்டியவர். 2022 ஜூனில் மாநிலங்களுக்கிடையிலான தடகளப் போட்டி சென்னையில் நடந்த அதே நாட்களில் அவர் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 2.27 மீட்டர் தாண்டி என்சிஏஏ பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார். சென்னைக்கு வரவில்லை என்று காமன்வெல்த் அணியில் சேர்க்க மறுத்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றப் படியேறி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் போய், வெண்கலத்தோடு திரும்பினார். உயரம் தாண்டுதலில் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு அது முதல் பதக்கம். பதினெட்டு வயதில் ‘படிப்பா, ஆட்டமா’ என்று இங்கே ஒரு பிள்ளையைக் கூண்டில் நிறுத்தும் கேள்வியை அமெரிக்கக் கல்லூரி ஏற்பாடு கேட்பதில்லை. அதற்கு விலை மதிப்புக் கிடையாது என்றே நினைக்கிறேன்.

ஆனால், இந்தப் பெருமைக்கெல்லாம் பணம் வந்த வழி ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டின் நீச்சலும், டெக்சாஸின் தடகளமும், எங்கும் டென்னிஸும் தம் சொந்தக் காலில் நிற்கவில்லை. கால்பந்தும் ஆடவர் கூடைப்பந்தும் ஈட்டியதில் நின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் கிரெய்க் கார்த்வெய்ட்டும் சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானத்தில் வீரர்களுக்கு உதவித்தொகையாகவும் படியாகவும் போனது 7 சதவீதத்துக்கும் குறைவு. தொழில்முறை லீக்குகளில் பாதியளவு போகும். அந்த இரண்டு ஆட்டங்களில் கறுப்பின இளைஞர்கள் அதிகம்; வீட்டில் வசதி குறைவு. படகு, டென்னிஸ், கோல்ஃப் ஆடுவோரில் வெள்ளையர் அதிகம்; வசதியும் அதிகம். ஏழைப் பையனின் முழங்கால் தேய்ந்து வசதியுள்ள பையனின் துடுப்பாயிற்று. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம் பல்கலைக்கழகத்துக்கு.

கூலிக்குப் பதிலாகப் படிப்பு கொடுத்தோமே என்பார்கள். என்ன படிப்பு என்று பார்க்க வட கரோலைனாவின் சேப்பல் ஹில்லுக்குப் போகலாம். 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள் நடந்தன. பாடவேளை கிடையாது, ஆசிரியர் வர மாட்டார், பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்தி மதிப்பெண் போட்டது பேராசிரியர்கூட இல்லை. அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்தவர். மதிப்பெண்ணில் மட்டும் தாராளம். 2014இல் வந்த விசாரணை அறிக்கை, 3,100க்கும் மேற்பட்டோர் இப்படிப் பாடம் ‘முடித்தார்கள்’ என்றது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். மூன்று ஆண்டு யோசித்த என்சிஏஏ 2017இல் தண்டனை இல்லை என்றது. காரணம்தான் விசேஷம்: அந்தப் போலிப் பாடம் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தது, வீரர்களுக்கென்று தனிச் சலுகை காட்டவில்லையாம்!

விட்டவர்கள் கதை

விளையாட்டால் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வருகிறது, விண்ணப்பம் குவிகிறது என்ற வாதம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். பொய்யில்லை. அலபாமா 2007இல் நிக் சேபனைப் பயிற்சியாளராக அமர்த்திய பிறகு, வெளிமாநில மாணவர்கள் அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டு வந்து குவிந்தார்கள். ஆனால், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்றாக வேண்டும். அலபாமாவுக்குக் கிடைத்த விளம்பரம் அலபாமாவிடம் தோற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. செலவு மட்டும் அதே செலவு.

பெயர் வேறு வழியிலும் வரும். சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் கோப்பையை முதன்முதலில் 1935இல் வென்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர். அந்த அளவுக்குக் கால்பந்துப் பெருமை உள்ள இடம். 1939இல் மிச்சிகனிடம் 85க்கு 0 என்று தோற்றது. அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தைக் கலைத்தார். காலியாகக் கிடந்த ஸ்டாக் ஃபீல்டு அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில் ஒரு ஸ்குவாஷ் கூடம் இருந்தது. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு அங்கேதான் உலகின் முதல் செயற்கை அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. அரங்கத்தை இடித்த இடத்தில் இன்று ஒரு மாபெரும் நூலகம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937இல் போய்ச் சேர்ந்து கடைசிவரை இருந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 85க்கு 0 என்பதை அவர் பொருட்படுத்தியிருப்பார் என்று தோன்றவில்லை. 1969இல் கால்பந்து அங்கே திரும்பி வந்தது, உதவித்தொகை இல்லாத கீழ்த்தட்டுப் பிரிவில், ஆசைக்கு ஆடும் ஆட்டமாக.

சிகாகோவுக்கு ராக்ஃபெல்லர் பணம் இருந்தது, விட முடிந்தது என்பார்கள். அட்லாண்டாவில் உள்ள ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி. 2012இல் அதன் தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம் கணக்குப் போட்டார். 2,100 மாணவிகளில் அணிகளில் ஆடுகிறவர்கள் சுமார் 80 பேர். அவர்களுக்குச் செலவு ஏறக்குறைய 10 லட்சம் டாலர். மற்ற பெண்களில் பலருக்கு இளம் வயதிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை. அணிகளைக் கலைத்துவிட்டு அந்தப் பணத்தை எல்லாருக்குமான உடற்பயிற்சிக்குத் திருப்பினார். இதைவிட நாணயமான முடிவை இந்த விஷயத்தில் நான் படித்ததில்லை.

எல்லாராலும் இது முடியாது. அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் தனியாக இயங்கும் அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் கால்பந்தைக் கலைத்தது. ஊரே திரண்டது. நன்கொடை வந்தது. ஆறே மாதத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் அணி மறுபடி திடலில் இறங்கியது. அந்த ஊர் மக்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்களுக்கு வேண்டியதற்குத் தாங்களே பை அவிழ்த்தார்கள், நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்போது வந்திருக்கும் சமரசம் கூலிப் பிரச்சினையைத் தீர்த்து, செலவுப் பிரச்சினையைப் பெரிதாக்கியிருக்கிறது. 2.05 கோடி டாலரைப் பயிற்சியாளர் சம்பளத்திலிருந்து வெட்டி எடுக்க யாருக்கும் மனம் வராது. டென்னிஸிலும் நீச்சலிலும்தான் கத்தி விழும், விழத் தொடங்கிவிட்டது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்று ஆடியது. அதே மாதம், இந்தச் செலவு நமக்குக் கட்டாது என்று உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப் போவதாக அறிவித்தது. இங்கிருந்து டென்னிஸ் மட்டையோடு விண்ணப்பம் போடும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு வேலைக் கட்டுப்பாடு இருப்பதால் புதிய பணத்தில் கை வைப்பது கடினம். பழைய உதவித்தொகை இடமோ குறைகிறது.

என்சிஏஏ இப்போது நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டுகிறது. வழக்குகளிலிருந்து பாதுகாப்பு வேண்டும், வீரர்கள் ஊழியர் ஆக மாட்டார்கள் என்று சட்டத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறது. 2025 ஜூலையில் அப்படியொரு மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அதில் ஒரு நல்ல பிரிவும் இருக்கிறது: ஒளிபரப்பு வருமானம் கொழுத்த பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டணத்தை விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. ஆனால், கொழுத்தவர்களுக்கு மாணவர் கட்டணம் பெரிதாகத் தேவைப்படுவதே இல்லை. அதை நம்பிப் பிழைப்பது நடுத்தரப் பல்கலைக்கழகங்கள். அவற்றை மசோதா தொடவில்லை. அந்தப் பிரிவை எல்லாருக்கும் நீட்ட வேண்டும். நீட்ட முடியாவிட்டால், கட்டணச் சீட்டில் விளையாட்டுக்கு எவ்வளவு என்பதைத் தனி வரியாக அச்சிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை மாணவர்களிடம் வாக்கெடுக்கச் சொல்ல வேண்டும். வாக்கில் ஜெயித்தால் தாராளமாக ஆடட்டும், நானும் கை தட்டுவேன். எத்தனை அணிகள் அந்த வாக்கெடுப்பைத் தாண்டி வரும் என்பது பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே, மசோதாவில் அந்த வரி ஏறாது என்றே நினைக்கிறேன்.